சாப்பிட்டேன் என்று சொன்னவள்

தெல்தோட்டை
16.02.2025

அன்புள்ள றம்லத்,

ஒரு கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். சரி, எனக்கும் தபால்கந்தோர் எங்கே இருக்கிறது என்று தெரியும். போனைப் பாதியில் வெட்டின மாதிரிக் கடிதத்தை வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கு உனக்கு மனம் வராது. பள்ளிக்கூட லீவில் நான் எழுதினதை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தவள்தானே நீ.

போன ஞாயிறு நடந்ததை உனக்கு ஊரார்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வதையும் கேள். நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் வைத்த இரத்ததான முகாம் அது. நான் அங்கே இரத்தம் எடுக்கிற மிஸ்ஸியாக வேலை பார்த்தேன். உன் மகள் அம்னா இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பக்கத்தில் நின்ற டொக்டரிடம், “இவங்க உம்மாவும் நானும் ஒரே நாள்லதான் மொத மொதல்ல ரத்தம் குடுத்தோம் சேர்” என்று பெருமை அடித்தேன். நிறை பார்த்தோம், விரலில் குத்தி இரத்தம் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. “அம்னா புள்ள, காலையில சாப்ட்டியாம்மா?” என்று நானே வாயால் கேட்டேன். “சாப்பிட்டேன் ஆன்ட்டி” என்றாள்.

கொடுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. எழும்பியதும் பால் பெக்கட்டும் பிஸ்கட்டும் கையில் கொடுத்து, இருந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நான் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினதுதான் தாமதம், “பஸ்சுக்கு நேரமாச்சு ஆன்ட்டி” என்று போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிநேகிதி ஓடி வந்தாள். பஸ் தரிப்பில் வெயிலில் நின்றவள் விழுந்துவிட்டாளாம். நான் போனபோது நாலு பேர் அவளைத் தூக்கி வாங்கில் நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தன. ஒரு பொம்பிளை தன்னுடைய சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து, “வலிப்பு, வலிப்பு, இரும்பைக் குடுங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். எல்லாரையும் தள்ளிவிட்டு அவளைத் தரையில் நேராகப் படுக்க வைத்தேன். காலைத் தூக்கிப் பிடித்ததும் கண்ணைத் திறந்தாள். “ஆன்ட்டி, எண்ட பேக் எங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு உனக்குப் போன் எடுத்தேன். நீ சொன்னாயே ஒரு சொல், “எண்ட புள்ளைட ரத்தத்த உறிஞ்சிட்டு ரோட்டுல தள்ளிட்டியே” என்று. என்னை அப்படிச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது, றம்லத்? இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அவர்கள் ஏசினதை எல்லாம் பஸ் ஏறும்போது மறந்துவிடுவேன். உன் சொல்லை மறக்க முடியவில்லை.

அம்னா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. என்னை ஏசுவதென்றால் மற்றப் பக்கத்தில் ஏசு.

இப்படிக்கு,
ராஜி

*

அலவத்துகொட
20.02.2025

ராஜிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

அந்தச் சாவிக்கொத்துப் பொம்பிளை யாரென்று உனக்குத் தெரியுமா? மடவளை சுஹைராவின் தங்கச்சி. சுஹைரா யார் என்று கேட்பாய். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து என் மகளை நிக்காஹ் செய்யப் பேசி வைத்திருக்கிற இஜாஸின் உம்மா. மோதிரமும் போட்டாயிற்று. ரோட்டில் விழுகிறவள் அந்தக் குடும்பத்தின் கண்முன்னாலா விழ வேண்டும்? பின்னேரம் அஸர் பாங்கு சொல்வதற்குள் மடவளை முழுக்கச் செய்தி போய்விட்டது. பொண்ணுக்கு வலிப்பாம், உம்மாவும் வாப்பாவும் மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்களாம். தரகர் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து பேசாமல் சாய்ந்து இருந்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும்.

கண்டியில் பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்த் தலைக்கு வயர் பூட்டிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், “துண்டு யாரும் எழுதித் தருவாங்க, எண்ட தங்கச்சி கண்ணால கண்டீக்கா” என்று சுஹைரா சொல்லி அனுப்பியிருக்கிறாள். நோன்புக்குள் ஒரு முடிவு சொல்வார்களாம். என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா?

ஒரு சம்பந்தம் இப்படி முறிந்தால் பிறகு எவன் வருவான்? அந்தச் சொல் இவளோடு ஒட்டிக்கொள்ளும். இவள் பிள்ளைகளுக்கும் ஒட்டும். அதுவும் இவளுக்கு அந்தப் பையன் மேல் மனம் இருக்கிறது. வாய் திறந்து சொல்ல மாட்டாள். ஆனால் அவன் பெயரைச் சொன்னால் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்போது தொழுகிறாள், ஓதுகிறாள், சுவரைப் பார்த்து இருக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை.

சாப்பிடவில்லை என்று மட்டும் பழி போடாதே. சனிக்கிழமை இரவே இடியப்பம் அவித்து மூடி வைத்திருந்தேன். ஞாயிறு காலையில் நான் எழும்பும்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நூல் மாதிரி இருக்கிற பிள்ளை, முதல் தடவை வந்திருக்கிறாள். அவளை ஏன் ஏற்றாய்? உனக்கு இத்தனை வருஷப் பழக்கம், உன் கண் எங்கே போனது? நீ உன் முகாமுக்கு ஆள் சேர்த்தாய். என் பிள்ளையின் வாழ்க்கை போகப் போகிறது.

றம்லத்

*

தெல்தோட்டை
24.02.2025

அன்புள்ள றம்லத்,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்த விஷயம் எனக்குத் தெரியாது, சத்தியமாய்த் தெரியாது. மோதிரம் போட்டதை எனக்குச் சொல்லாமல் விட்டதற்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

என் கண் எங்கே போனது என்று கேட்டாய். என் வேலையில் யார் விழுவார்கள் என்று ஓரளவு முன்னுக்கே தெரியும். முதல் தடவை வருகிறவர்கள், வயது குறைந்தவர்கள், மெலிந்தவர்கள், இரவு தூங்காதவர்கள், பயந்து வருகிறவர்கள். ஆம்பிளைகளைவிட நாங்கள் கொஞ்சம் அதிகம் விழுவோம். அதற்காக ஆம்பிளை விழமாட்டான் என்று இல்லை. போன வருஷம் ஒரு மீசைக்காரப் பொலிஸ்காரர் ஊசி உறையைப் பிரிக்கிற சத்தத்துக்கே சரிந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரனும் விழுந்தான். ஒருவர் விழுந்தால் அது கொட்டாவி மாதிரி மற்றவருக்கும் வரும். அம்னா மெலிந்தவள்தான், புதிதாக வந்தவள்தான். ஆனால் ஏற்றக்கூடாத நிறை இல்லை. அதனால்தான் அவளை வழமையைவிடக் கூடிய நேரம் படுக்க வைத்தேன். கை கால் இழுத்ததே, அது வலிப்பு இல்லை. மூளைக்கு இரத்தம் குறையும்போது யாருக்கும் அப்படி இழுக்கும். படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் இழுக்கும். அந்த வாங்கில் நாலு பேர் செய்தது அதுதான். வலிப்பு வந்தவளுக்குக் கண் திறந்ததும் பேக் நினைவு வராது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருக்கிறது, றம்லத். என் போன் முகாமில் கிடந்தது, உனக்குப் பேச அவள் போனை எடுக்கப் பேக்கைத் திறந்தேன். நான் கொடுத்த பால் பெக்கட் ஸ்ட்ரோ கழற்றாமல் அப்படியே கிடந்தது. பிஸ்கட்டும் கிடந்தது. தண்ணீர்ப் போத்தல் கழுத்து வரை நிறைய இருந்தது. மாசி மாதத்து நடுப்பகல் வெயிலில், இரத்தமும் கொடுத்துவிட்டு, கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஏன் குடிக்காமல் நிற்கிறாள்?

அதை யோசிக்க யோசிக்க எனக்கு நம் விடுதிதான் ஞாபகம் வந்தது. நோன்பு மாதத்தில் உனக்கு மாதாந்தம் தொழுகையும் நோன்பும் இல்லாத அந்த நாட்கள் வரும். விடுதிப் பொறுப்பாளரிலிருந்து வாச்சர் வரை எல்லாருக்கும் முன்னால் நோன்பாளி முகத்தோடு திரிவாய். நான் சீனிசம்பல் பனிஸை புத்தகப் பையில் ஒளித்துக்கொண்டு வருவேன். உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நீ தின்பாய். நான் காவல் நிற்பேன். ஒருநாள் வாச்சர் வந்தபோது முழுப் பனிஸையும் வாய்க்குள் தள்ளிவிட்டு, பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். பிறகு விட்ட நோன்பை எல்லாம் அடுத்த நோன்பு மாதம் வருவதற்குள் ஒருவருக்கும் சொல்லாமல் பிடித்து முடிப்பாய். களா நோன்பு என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான்.

உங்களுக்கு இன்னும் சில நாளில் நோன்பு தொடங்குகிறது. அவளிடம் தனியாகக் கேள். ஏசாமல் கேள். கழுவி வைத்த தட்டில் அவள் எப்போது சாப்பிட்டாள் என்று கேள். விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஜி

*

அலவத்துகொட
03.03.2025

பிஸ்மில்லாஹ்.

அன்புள்ள ராஜி,

நேற்று முதல் நோன்பு. கஞ்சி காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்ட கையோடு என் மடியில் விழுந்து அழுதாள். நீ சொன்னது சரி.

போன ரமழானில் விட்ட நோன்பில் இன்னும் மிச்சம் இருந்ததாம். நான் வேறு இவளை, “நோன்பு வர முந்தி களாவ முடிச்சிக்கோ, கடைசி நேரத்துல பாயாத” என்று ஏசிக்கொண்டிருந்தேன். அந்த ஏச்சுக்குப் பயந்து, எனக்குத் தெரியாமல் விடியற்காலையில் எழும்பிச் சாப்பிட்டு நோன்பு பிடித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முகாம் என்பதும் நினைவு இருந்திருக்கிறது. ஆனால் நம் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா, ராஜி ஆன்ட்டியின் கையால் குத்திக்கொள்ள வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசையாம். சாப்பிடாமல் கொடுத்தால் கொஞ்சம் தலை சுற்றும், மஃரிபுக்கு நோன்பு திறந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

“அப்ப ராஜி ஆன்ட்டி கேட்டப்ப உண்மைய செல்றதுக்கென்ன?” என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“உம்மா, ஆன்ட்டி சத்தமா கேட்டாங்க. டொக்டர் சேர் நின்டாரு. பேர் எழுதுற மேசையில எண்ட கிளாஸ் புள்ளைட கூடப்பொறந்த நானாவும் நின்டாரு. நோன்பு எண்டு நான் எப்படி செல்ற? திங்கள் வியாழன் எண்டாலும் விரும்பி புடிக்கிற சுன்னத்து நோன்பு எண்டு செல்லலாம். ஞாயித்துக்கிழமையில யாரும்மா சுன்னத்து புடிக்கிற? கேட்ட ஒடனே களா எண்டு எல்லாருக்கும் வெளங்கிருமே. சாப்பிட்டேன் எண்டு வாயில வந்திச்சி. பொறகு அத மாத்தேலாம போச்சி.”

நான் என்ன சொல்வேன், ராஜி? இந்தப் பிள்ளைக்கு வெட்கத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உனக்கு நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துக்கொள். அதை எழுதும்போது என் முகம் சுடுகிறது. உன் கையில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? அதுதான் எனக்குத் தலையைப் பிய்க்கிறது. மாப்பிள்ளை வீட்டோடு பேசுவது யார்? என் வீட்டுக்காரர். அவரோடு தரகர். அந்தப் பக்கம் இஜாஸின் வாப்பா நிஸாம் ஹாஜியார், அவருடைய கூடப் பிறந்த காக்காமார். எல்லாம் தாடி வைத்த ஆம்பிளைகள். அவர்கள் நடுவில் போய், எங்கள் மகளுக்குத் தொழுகை இல்லாத நாள் வந்தது, அதற்காகப் பிறகு நோன்பு பிடித்தாள், அதை மறைக்கப் பொய் சொன்னாள் என்று யார் சொல்வது? என் வீட்டுக்காரரிடமே நான் இன்னும் சொல்லவில்லை. கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தை நான் அவரிடம் வாய் திறந்து பேசினதில்லை. ரமழானில் அந்த நாட்களில் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஆறின சோற்றைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்துதான் அவருக்கு நோன்பு திறக்கக் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்டதில்லை.

வலிப்பு என்ற பெயரோடு இருப்பதா, இந்த வெட்கத்தை ஊர் ஆம்பிளைகளுக்கு முன்னால் விரிப்பதா? இரண்டில் எது பெரிசு என்று எனக்கு விளங்கவில்லை. நீ ஒருவரிடமும் மூச்சு விடாதே.

றம்லத்

*

தெல்தோட்டை
08.03.2025

அன்புள்ள றம்லத்,

எது பெரிசு என்று விளங்கவில்லையாம். நல்லா இருக்கு உன் நியாயம்! பிள்ளையின் வாழ்க்கை பெரிசா, நாலு தாடிக்காரர் காது கூசுவது பெரிசா? அவர்கள் வீட்டில் மட்டும் என்ன மரத்திலிருந்தா பிள்ளை பறித்தார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று பார்க்காதே. எங்கள் பக்கமும் இதே கூத்துத்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நான் பால்குடம் எடுப்பதாக இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் வீட்டுக்குத் தூரம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கால் மடங்கிவிட்டது என்று நொண்டினேன். அந்த மனுஷன் பாவம், கீழே கடை வரைக்கும் நடந்துபோய் நோவெண்ணெய் வாங்கி வந்து தானே தேய்த்துவிட்டார். மத்தியானம் மறந்துபோய் மற்றக் காலால் நொண்டினேன். அம்மா அடுப்படிக்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் செத்துப்போகும் வரைக்கும் அந்தக் கால் மழைக்கு வலிக்கிறதா என்று கேட்பார். நீங்கள் தின்றுவிட்டு நோன்பு என்கிறீர்கள், நாங்கள் நல்ல காலை நொண்டி என்கிறோம்.

இந்தப் பொய்யால் இதுவரைக்கும் ஒருத்தியும் விழுந்து மண்டையை உடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டிருந்தோம். உன் பிள்ளை விழுந்துவிட்டாள். இப்போது முகாமில் நான் மேசைக்கு முன்னால் வைத்துக் கேட்பதில்லை. பொம்பிளைப் பிள்ளைகளைத் திரைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு, காதோடு கேட்கிறேன். விரதமா, நோன்பா, தூங்கினாயா என்று. போன சனிக்கிழமை ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை விரதத்தை அப்படியே இழுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை வா என்று அனுப்பினேன். அம்னாவால்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது என்று அவளிடம் சொல்.

றம்லத், நாம் முதல் முதலில் கொடுத்த நாள் உனக்கு நினைவு இருக்கிறதா? ஏ.எல். பரீட்சை எழுதி முடித்த கையோடு போனோம். விழுந்தது நான். கண்டி ஏரிக்கரை மதில் பக்கத்தில், மாமரம் போல நின்றவள் வாழைமரம் மாதிரி சரிந்தேனாம். நீ உன் பர்தாவைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் தரையில் இருந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கொச்சைச் சிங்களத்தில் வந்தவர் போனவரை எல்லாம் ஏசி விரட்டினாய். பிறகு இருவரும் உன் வாப்பாவின் கடைக்குப் போய் பிளேன்டீ குடித்தோம். வாப்பா காரணம் கேட்டதற்கு, “ராஜி சும்மா களைச்சிட்டா” என்றாய். அன்றைக்கு என்னை யாரும் வலிப்புக்காரி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பாயா? அந்த றம்லத் எங்கேடி போனாள்? அவளைத்தான் எனக்கு இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது. உன் குரலைக் கேட்டு ஒரு மாதம் ஆகிறது, எனக்கு அழுகை வருகிறது.

நான் மடவளைக்குப் போகிறேன். சுஹைராவைத் தனியாகப் பார்த்து, பொம்பிளையும் பொம்பிளையுமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். எனக்கு உத்தரவு கொடு.

ராஜி

*

அலவத்துகொட
12.03.2025

ராஜி,

உன் கால் மடங்கின கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நோன்போடு சிரித்ததில் தொண்டை காய்ந்துபோனது. பிறகு அழுதேன்.

மடவளைக்குப் போகாதே. உன் மீது ஆணை. நீ போய்ச் சொன்னால், ஊசி குத்தினவளே தன் பிழையை மறைக்க வந்து கதை கட்டுகிறாள் என்பார்கள். அதையும் சுஹைராவின் தங்கச்சி ஊர் முழுக்கக் கொண்டுபோவாள்.

நேற்றுத் தகவல் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு எல்லாரும் வருகிறார்கள். நோன்பு திறக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மரியாதைக்கு. மோதிரத்தைத் திருப்பி எடுக்கத்தான் வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் நான்கு பேரீச்சம்பழப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். மகளின் சம்பந்தத்தை முறிக்க வருகிறவர்களுக்கு வாங்கின பழம்.

இரண்டு தடவை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தடவையும் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். அம்னாவிடம், நான் சுஹைராவின் காதிலாவது போடட்டுமா என்று கேட்டேன். “வாணாம் உம்மா, எனக்காக நீங்க வெக்கப்பட வாணாம்” என்று சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

உன் சாமிக்கும் சொல். எனக்கு இப்போது எந்தப் பக்கத்து உதவியும் வேண்டும்.

றம்லத்

*

அலவத்துகொட
20.03.2025

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள ராஜி,

போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். அழுகை வந்து ஒன்றும் விளங்காது. உன்னைத் தடுத்து வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன். இதை வாசித்த பிறகு கூப்பிடு, அதற்கு முன் கூப்பிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஆம்பிளைகள் வீட்டு முன் மண்டபத்தில், பொம்பிளைகள் உள்ளே. நடுவில் பச்சைத் திரை. நிஸாம் ஹாஜியார் மரியாதையான மனிதர். சுற்றி வளைத்து, கடையைப் பற்றியும் பள்ளிவாசலில் கேட்ட பயான் பற்றியும் பேசிவிட்டு, “நஸீப் எண்டு ஒண்டு ஈக்கிதுதானே நானா, எழுதினதுதான் நடக்கும்” என்று தொடங்கினார். என் வீட்டுக்காரர் டொக்டரின் துண்டை மேசையில் வைத்தார். உள்ளே இருந்து சுஹைராவின் தங்கச்சி, “துண்டு என்னத்துக்கு, நான் இந்தக் கண்ணால கண்ட, கை காலெல்லாம் இழுத்திச்சி” என்று வெளியே கேட்கிற மாதிரிச் சொன்னாள். சுஹைரா என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “மோதிரத்த எடுங்க றம்லத் ராத்தா” என்றாள்.

நான் அலுமாரிப் பக்கம் திரும்பினேன். அதற்குள் அம்னா தொழுகைப் பாயிலிருந்து எழும்பித் திரைக்குக் கிட்டப் போய்விட்டாள். திரையை விலக்கவில்லை. இந்தப் பக்கம் நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

“வாப்பா, எனக்கு வலிப்பு இல்ல. அண்டைக்கு நான் களா நோன்பு புடிச்சிருந்தேன். ரத்தம் குடுக்கக்குள்ள சாப்பிட்டியா எண்டு கேட்டாங்க. ஆம்புளைகள் நின்ட வெக்கத்துல சாப்பிட்டேன் எண்டு பொய் சொன்னேன். தந்த பாலையும் குடிக்கல்ல. நோன்ப முறிக்க மனசு வரல்ல. அதுதான் விழுந்தேன். இத நான் மறைச்சதுக்கு உம்மாவயும் வாப்பாவயும் பொய்க்காரராக்க வாணாம். மோதிரத்த எடுத்துட்டுப் போங்க. அந்தப் பேர மட்டும் எடுத்துட்டுப் போக வாணாம்.”

அந்த நேரம் நிலம் பிளந்தால் உள்ளே இறங்கியிருப்பேன். தரகர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாராம். இங்கே பொம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுஹைராவின் தங்கச்சி தன்னுடைய சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நிஸாம் ஹாஜியாரின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னார்.

“நோன்ப தின்டுட்டு, நோன்பு எண்டு பொய் சொல்ற ஆக்கள நான் ஹயாத்துல எவ்வளவோ கண்டீக்கேன். நோன்ப புடிச்சிட்டு, சாப்பிட்டேன் எண்டு பொய் சொன்ன ஒரு புள்ளய இண்டைக்குத்தான் காண்றேன்.” பிறகு, “சுஹைரா, மோதிரத்த உட்டுட்டு வாங்க. அது அந்தப் புள்ளைட” என்றார்.

ராஜி, சுஹைரா என் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். “நானும் இந்த வயசு வரைக்கும் ஒளிஞ்சி தின்டவதான் ராத்தா, எனக்கு வெளங்காம போச்சே” என்றாள். பாங்கு சொன்னார்கள். எல்லாரும் அந்தப் பேரீச்சம்பழத்தால்தான் நோன்பு திறந்தோம். நிக்காஹ் பேசின மாதிரியே ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து. நீ இரண்டு நாளைக்கு முன்னுக்கே வந்து என்னோடு தங்க வேண்டும். லீவு கிடைக்காது என்ற கதை எல்லாம் என்னிடம் வேண்டாம். அம்னா உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். அடுத்த முறை வயிறு நிறையத் தின்றுவிட்டு உன்னிடமே வருவாளாம். இஜாஸும் வருவானாம். அவன் ஊசிக்குப் பயந்தவன் என்று கேள்விப்பட்டேன், அவனைத்தான் நீ கவனமாகப் பார்.

இதோடு முடித்திருப்பேன். இன்னொன்று இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

வந்தவர்கள் போன பிறகும் என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. மகள் இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாளே என்று கோபமோ என்று பயந்தேன். திங்களும் பேசவில்லை, செவ்வாயும் பேசவில்லை. நேற்றுப் புதன்கிழமை அம்னா ஸஹருக்கு எழும்பவில்லை. அவளுக்கு அந்த நாட்கள். அவர் அவள் அறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். நோன்பு நாளில் அவர் அந்த நேரத்தில் வருவதே இல்லை. கையில் ஒரு பை. இங்கே ரமழானில் பகலில் ஒரு சோற்றுக் கடையும் திறப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போய் வந்திருக்கிறார். பையை மேசையில் வைத்தார். கோழிக் குழம்பு வாசம். வெறும் வயிற்றோடு அந்த வாசத்தை அத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறார்.

ஒருவர் முகத்தையும் பார்க்காமல், “புள்ளய சாப்பிடச் செல்லு. சூடு ஆறப் போகுது” என்று சொல்லிவிட்டு லுஹர் தொழப் போய்விட்டார்.

அம்னா பார்சலை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், குசினிக் கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, மேசைக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். ஜன்னலும் திறந்துதான் இருந்தது. அவள் சாப்பிட்டாள். நான் நோன்போடு அவளுக்கு எதிரே இருந்து, தண்ணீர் ஊற்றி வைத்து, அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்,
றம்லத்